நூற்பு, பின்னல், நெசவு: முதல் வகுப்புக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

சில வருடங்களாகத் தொடக்கநிலை வகுப்புகளில் உதவிக்கு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்பு அதே மாதிரி வகுப்புகளில் கற்றுக்கொள்பவராக உட்கார்ந்து திருதிருவென விழித்திருக்கிறேன். தக்ளியில் (கையால் சுற்றும் நூற்புக் குச்சி) நூற்பது, கொக்கி ஊசியில் செய்யும் குரோஷா, இரண்டு ஊசிப் பின்னல், சின்னத் தறியில் நெய்வது, கம்பளியை ஈரத்தில் தேய்த்து ஃபெல்ட் ஆக்குவது, இயற்கைச் சாயம் என்று ஒன்று விடாமல் தலையைக் கொடுத்தாகிவிட்டது. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா? வகுப்பு எதற்கு?

முடியும். நிறையப் பேர் அப்படித்தான் கற்றிருக்கிறார்கள், குரோஷாவின் அரிச்சுவடியை நானும் அப்படித்தான் பிடித்தேன். சிக்கல் என்னவென்றால், நீங்கள் வீடியோவைப் பார்க்கலாமே தவிர வீடியோ உங்கள் கையைப் பார்க்காது. எனக்கு மூன்று மாதம் பின்னல் இறுகி இறுகியே வந்தது. ஊசி நுழைய இடமில்லாமல் ஒவ்வொரு கண்ணியோடும் (ஊசியில் விழும் நூல் வளையம்) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை வீடியோ பார்த்தாலும் அதில் செய்வதும் நான் செய்வதும் ஒன்றாகவே தெரிந்தது. ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்த அம்மா பக்கத்தில் வந்து நின்று அரை நிமிடம் பார்த்தார். "ஊசியோட கூர் முனையிலேயே கண்ணியை உருவாக்கிடுறீங்க, அங்க ஊசி மெலிசா இருக்கு. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, தடிமனான இடத்துல உருவாக்குங்க" என்றார். அவ்வளவுதான், மூன்று மாதப் போராட்டம் அன்றைக்கே முடிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வீடியோவில் எல்லாம் சரியாகவே நடக்கும். வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் நூலைச் சிக்கலாக்குவார், எதிரில் இருப்பவருக்குத் தக்ளி கீழே விழும், அதை ஆசிரியர் எப்படிச் சரி செய்கிறார் என்பதைச் சும்மா உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். அடுத்தவர் தவறில் கற்றுக்கொள்வது இலவசம் அல்லவா.

எந்தக் கலையில் தொடங்கலாம்?

பொறுமை கொஞ்சம் குறைவு, இன்றைக்கே ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் என்றால் ஈர ஃபெல்ட். கம்பளி இழையின் மேல்பரப்பில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டதும் இழைகள் வழுக்கி ஒன்றுக்குள் ஒன்று நுழையும், தேய்க்கத் தேய்க்க அந்தச் செதில்கள் மாட்டிக்கொண்டு திரும்ப வர முடியாமல் இறுகிவிடும். ஊசியும் வேண்டாம், தறியும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு சின்னப் பை செய்துவிடலாம். நன்றாகச் சுருங்கும், அதனால் அளவைப் பெரிதாக எடுத்துத் தொடங்க வேண்டும். மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி என்று விற்பதை மட்டும் இதற்கு வாங்கிவிடாதீர்கள், அதில் அந்தச் செதில்களின் வேலையைத்தான் முடக்கி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் கைதான் சிவக்கும்.

பையில் போட்டுக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் செய்ய வேண்டும் என்றால் குரோஷா. ஒரே கொக்கி ஊசி. எந்த நேரத்திலும் ஒரே ஒரு வளையம்தான் திறந்திருக்கும், அது நழுவினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழே கீழே ஓடும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஒரு குரோஷா கொக்கியை வைத்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம், ஆனால் முதல் தடவை அது ஓடுவதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். மாறாக, உடம்போடு ஒட்டி நெகிழ்ந்து கொடுக்கும் துணி, அதாவது ஸ்வெட்டர், காலுறை மாதிரி வேண்டுமென்றால் பின்னல்தான் சிறந்தது. குரோஷாத் துணி பொதுவாகக் கொஞ்சம் தடிப்பாக, விறைப்பாக இருக்கும்.

எப்படித்தான் இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராத ஆளா நீங்கள்? நூற்பிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அடி அதுதான்.

இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம். கைக்குக் குழப்பம்.

'பாரம்பரியக் கலை' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறீர்களே, எல்லாம் ஒரே வயதா?

இல்லவே இல்லை. இழையை முறுக்கிக் கயிறாக்குவது மிகப் பழையது, நம் இன மனிதர்கள் மட்டும் செய்ததும் அல்ல. பிரான்சில் ஆப்ரி டு மராஸ் என்ற இடத்தில் நியாண்டர்தால்கள் என்ற வேறோர் ஆதி மனித இனத்தார் விட்டுப்போன கல் கருவி ஒன்றில் ஒட்டியிருந்த கயிற்றுத் துணுக்கைப் பற்றி 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீளம் சுமார் 6 மில்லிமீட்டர்தான், வயது 41,000 ஆண்டுகளுக்கும் மேல். மூன்று இழைக் கற்றைகளைத் தனித்தனியாக ஒரு பக்கம் முறுக்கி, அப்புறம் மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இரண்டாம் நாள் சொல்லிக்கொடுப்பது அச்சு அசலாக இதுதான், இழை மட்டும் இரண்டு.

குரோஷா அப்படி இல்லை. இன்று நாம் செய்யும் வடிவில் அது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பெண்கள் குரோஷா லேஸ் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பின்னல் அதைவிட மூத்தது. எகிப்தில் கிடைத்த, 1,600 ஆண்டுக்கு முந்தைய, செருப்பு வார் நுழைவதற்காகக் கட்டைவிரல் பிரித்த காலுறைகளின் படத்தைப் பார்த்தால் பின்னியது என்றே சத்தியம் செய்வீர்கள், ஆனால் அவை ஒற்றை ஊசியில் முடிச்சு முடிச்சாகக் கோத்துச் செய்தவை, பின்னலே அல்ல. வகுப்பில் யாராவது "இது ஆதிகாலத்துக் கலை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எது என்று கேளுங்கள்.

நூற்பது மிகவும் கஷ்டம் என்கிறார்களே?

முதல் இரண்டு மணி நேரம் கஷ்டம். அதற்குப் பிறகு கையை நிறுத்த முடியாது.

ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நூற்பதில் இரண்டு வேலைகள் உண்டு. இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மெலிதாக்குவது ஒன்று, அந்த மெலிந்த இழைகளுக்கு முறுக்கு ஏற்றுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றுதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், தக்ளி சுற்றிக்கொண்டே கீழே போகும், கை இழுக்க மறக்கும், முறுக்கு ஏறாத இடத்தில் நூல் அறுந்து தக்ளி 'டொக்' என்று விழும். அதனால் நாங்கள் பிரித்துச் சொல்லிக்கொடுப்போம். தக்ளியைச் சுற்றி முறுக்கு ஏற்றுங்கள். நிறுத்தி முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், நிதானமாகப் பஞ்சை இழுங்கள், சேர்ந்திருக்கும் முறுக்கு தானாக மேலே ஓடிவரும். மறுபடி சுற்றுங்கள். பார்ப்பதற்கு நாடகத்தில் நிறுத்தி நிறுத்தி வசனம் பேசுவது போல இருக்கும், பரவாயில்லை. ஒரு நாள் நிறுத்த மறந்துவிடுவீர்கள், அன்றிலிருந்து நீங்கள் நூற்கிறீர்கள்.

முறுக்குக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: அது மெல்லிய இடத்துக்குத்தான் முதலில் ஓடும். மெல்லிய இடம் இறுகிவிட்டால் அங்கே இழைகள் நகராது, தடித்த இடம் தளர்வாகவே இருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் இழுத்தால் தடித்த இடம்தான் மெலியும். அதாவது நீங்கள் சொதப்பினாலும் சரிசெய்துகொள்ள வழி உள்ளேயே இருக்கிறது. இதை நான் நெடுநாள் கழித்துத்தான் கவனித்தேன், கவனித்த பிறகு என் நூலின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கைகளுக்கு இடையே உள்ள தூரமும் முக்கியம். பருத்தி இழையின் நீளம் பொதுவாக 2.5 முதல் 3 சென்டிமீட்டர். கம்பளி பல வகைகளில் 5 முதல் 10, அதற்கு மேலும் போகும். இரண்டு கையும் இழையின் நீளத்தைவிட நெருக்கமாகப் பிடித்திருந்தால், ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எப்படி நகரும்? "இழுக்கவே முடியவில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். கையைத் தள்ளி வைத்தால் வெண்ணெய் மாதிரி வரும்.

பருத்தியா, கம்பளியா, எதில் நூற்கத் தொடங்குவது?

கம்பளி. இழை நீளம், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், தப்பை மன்னிக்கும். தொங்கவிட்டுச் சுற்றும் தக்ளியில் 30 முதல் 60 கிராம் எடை வசதி. அதே தக்ளியில் பருத்தியைத் தொடங்கினால் எடை தாங்காமல் அறுந்துகொண்டே இருக்கும், "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பருத்திக்கு மெல்லிய உலோகத் தக்ளியின் முனையை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊன்றிச் சுற்ற வேண்டும், அப்போது எடை நூலில் விழாது. ராட்டையிலும் இதே தத்துவம்தான். பருத்தி இழை குட்டை என்பதால் முறுக்கு அதிகம் வேண்டும், அதனால்தான் ராட்டையில் வேகமாகச் சுற்றும் மெல்லிய கதிர், அதாவது நூல் சுற்றும் கம்பி.

நூற்று முடித்ததும் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழிந்து, தொங்கவிட்டுக் காயவிடுங்கள். முறுக்கு படிந்துவிடும். அதற்கு முன்பு அது சுருண்டு சுருண்டு பாம்புக்குட்டி மாதிரி இருந்தால் பதற வேண்டாம்.

ஒரே நாள் வகுப்பில் நெசவு கற்றுக்கொள்ள முடியுமா?

நெய்ய முடியும். நெசவு கற்றுக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

தறியில் உட்கார்ந்து நாடாவை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து போகும் கட்டையை, ஓட்டுவது நெசவின் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் பாவுக்கு, அதாவது தறியில் நெடுக்காகக் கட்டும் நூல்களுக்குக் கணக்குப் போட வேண்டும், எத்தனை இழை, எவ்வளவு நீளம், சுருக்கத்துக்கும் கழிவுக்கும் எவ்வளவு விட வேண்டும் என்று. அப்புறம் பாவு ஓட்ட வேண்டும், விழுதிலும் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் பகுதி) அச்சிலும் (இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு) ஒவ்வோர் இழையாக நுழைக்க வேண்டும், எல்லா இழையும் ஒரே இழுப்பில் இருக்கும்படி கட்ட வேண்டும். ஒரு நாள் வகுப்பு என்றால் இதையெல்லாம் யாரோ முன்னாடியே முடித்து வைத்திருப்பார்கள். நீங்கள் வந்து ஊடையை, அதாவது குறுக்கு நூலைப் போட்டு, அழகான ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். இரண்டாம் வாரம் வீட்டில் ஒரு சின்னத் தறி வாங்கி வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு நடந்தது இதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சேருவதற்கு முன் "பாவை நானே போடுவேனா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சட்டத் தறி போதும். நான்கு மரச்சட்டம், வரிசையாக ஆணி அல்லது வெட்டு, அவ்வளவே. ஆண்டிஸ் மலைப் பகுதியில் இடுப்புத் தறியில் நெய்கிறார்கள். ஒரு முனை மரத்திலோ கம்பத்திலோ கட்டியிருக்கும், மறு முனை நெய்பவரின் இடுப்பில். முன்னே சாய்ந்தால் பாவு தளரும், பின்னே சாய்ந்தால் இறுகும். சில குச்சிகளும் ஓர் உடம்பும்தான் தறி. அதில் அவர்கள் நெய்யும் நுட்பத்தைப் பார்த்தால், கருவி வாங்கினால்தான் கலை வரும் என்ற நினைப்பு ஓடிவிடும்.

என் துணியின் ஓரம் உள்ளே உள்ளே போகிறது, என்ன தப்பு?

ஊடையை நேராக இழுத்துவிடுகிறீர்கள். ஊடை பாவு இழைகளுக்கு மேலும் கீழுமாக வளைந்து போக வேண்டும், அந்த வளைவுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். நேராக இழுத்தால் அந்த நீளத்தை ஓரத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஊடையைச் சாய்வாகவோ வில் போலவோ விட்டு, பிறகு அடித்துச் சேருங்கள். என் முதல் துணி அகலத்தில் தொடங்கி, நடுவில் ஒடுங்கி, யாரோ சொல்லிக்கொடுத்த பின் மறுபடி விரிந்து, அச்சாக உடுக்கை வடிவத்தில் வந்தது.

குரோஷாவில் இதே வியாதிக்கு வேறு காரணம். சதுரம் முக்கோணமாகிறது என்றால் வரிசையின் முதல் கண்ணியையோ கடைசிக் கண்ணியையோ விட்டுவிடுகிறீர்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். சலிப்பாக இருக்கும், எண்ணுங்கள்.

எந்த நூல், எந்த ஊசி வாங்குவது?

பின்னலுக்கும் குரோஷாவுக்கும் நடுத்தரப் பருமனுள்ள, வழவழப்பான, வெளிர் நிறக் கம்பளி நூல் அல்லது கம்பளி கலந்த நூல். ஊசி 4 முதல் 5 மில்லிமீட்டர். கறுப்பு வேண்டாம், கரும்நீலம் வேண்டாம், கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம், பிரிக்க முயன்றால் அழுதுவிடுவீர்கள். பருத்தி நூல் நெகிழாது, தொடக்கத்தில் விரல் வலிக்கும். முதல் ஊசி மரத்திலோ மூங்கிலிலோ இருந்தால் கண்ணி வழுக்கி ஓடாது. உலோக ஊசி வேகக்காரர்களுக்கு.

விலை உயர்ந்த நூலை முதல் மாதம் தொடவே தொடாதீர்கள். 'இதை வீணாக்கிவிடக் கூடாது' என்ற பயம் விரலில் ஏறினால் கண்ணியெல்லாம் இறுகிவிடும்.

அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரிச் சதுரம் கட்டாயமா?

துண்டு, பை, விரிப்பு என்றால் இல்லை. உடம்பில் போடப்போவது என்றால் ஆமாம். 10 சென்டிமீட்டர் அகலத்தில் செய்முறைக் குறிப்பு 20 கண்ணி கேட்கிறது, உங்களுக்கு 22 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுதானே என்று தோன்றும். 200 கண்ணியில் சுற்றி வரும் ஸ்வெட்டர் 100 சென்டிமீட்டருக்குப் பதில் சுமார் 91 ஆகிவிடும். அதைப் போட்டுக்கொள்ள உங்களைவிட ஒல்லியான உறவினரைத் தேட வேண்டும். சதுரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே பின்னி, துவைத்து, காயவைத்து, அப்புறம் நடுவில் அளக்க வேண்டும். துவைக்காமல் அளப்பது அரைக் கிணறு தாண்டுவது.

குரோஷாக் குறிப்பு படிக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி. அமெரிக்கப் பெயரும் பிரிட்டிஷ் பெயரும் வேறு வேறு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷே என்பார்கள், அமெரிக்க டபுள் பிரிட்டிஷ் வழக்கில் டிரெபிள் ஆகிவிடும். குறிப்பு எந்த வழக்கில் எழுதியது என்று பார்க்காமல் தொடங்கிய தொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. தேநீர்க் கெட்டிலுக்கு உறையாகப் பயன்படுகிறது.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. இரண்டு ஊசிப் பின்னலில் இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பலர் வலது கைக்காரர்கள் போலவே பழகிவிடுகிறார்கள். குரோஷாவில் இடது கையில் கொக்கி பிடிப்பதே சௌகரியம். அப்போது ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்காருங்கள், அவர் கை உங்களுக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். வீட்டில் வீடியோ பார்க்கும்போது படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

இயற்கைச் சாய வகுப்பில் எல்லாமே பாதுகாப்பானதுதானே?

இயற்கை என்ற சொல்லை அவ்வளவு நம்பாதீர்கள். பல செடிச் சாயங்கள் துணியில் தானாக நிற்காது, பிடித்துவைக்க ஓர் உலோக உப்பு வேண்டும். அதிகம் பயன்படுவது படிகாரம், காய்ந்த நூலின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வழக்கம். தொடக்க வகுப்புக்கு அது போதும். செம்பு, குரோம் உப்புகள் வேறு நிறங்கள் தரும், ஆனால் குரோம் நச்சு, ஒரு புதியவர் கையில் அது இருக்கவே கூடாது. எந்தப் பொடியாக இருந்தாலும் கொட்டும்போது முகக்கவசம், கையுறை. சாயத்துக்கு எடுத்த பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. இதைச் சொல்லாத வகுப்பாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கம்பளியும் பட்டும் புரத இழைகள், படிகாரம் சுலபமாக ஏறும். பருத்தி முரண்டு பிடிக்கும், அதனால் முதலில் கடுக்காய் மாதிரித் துவர்ப்புள்ள ஒன்றில் ஊறவைத்து, பிறகு படிகாரத்துக்குப் போவார்கள். மஞ்சிட்டி தரும் சிவப்பு நன்றாக நிற்கும். மஞ்சள் கிழங்கு பளிச்சென்று பிடிக்கும், வெயிலில் அதே வேகத்தில் ஓடிவிடும். பீட்ரூட்டைக் கொண்டுவருபவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருப்பார், அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டியிருக்கும், அது சாயம் அல்ல, கறை, அதுவும் தங்காத கறை.

நீலச் சாயம் தரும் அவுரிக்குப் படிகாரம் வேண்டாம், அதன் கதையே தனி. நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தன்மையுள்ள தொட்டியில் ஆக்சிஜனை நீக்கினால் கரையும் வடிவுக்கு மாறும், அப்போது அது நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சை. துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு, கண்ணெதிரிலேயே பச்சை நீலமாகும். பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுவிட்டு வாய் பிளந்து நிற்கிறேன். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் நெடுநேரம் ஊறவைப்பதில் பயன் இல்லை, முக்கி எடுத்து, காற்றாடவிட்டு, மறுபடி முக்க வேண்டும்.

நல்ல வகுப்பு என்று சேரும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் என்று கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு ஆறு, எட்டுப் பேர் என்றால் ஒவ்வொரு கையையும் அவரால் பார்க்க முடியும். இருபது பேரும் ஒருவரும் என்றால் அது மேடைப் பேச்சு, வீடியோவே தேவலை. அடுத்தது, நாள் முடிவில் என்ன எடுத்துப் போவோம் என்பதை எவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். "மூன்று மணி நேரத்தில் முழு சால்வை" என்று சொன்னால், நேரம் போதாதபோது யாரோ உங்கள் கையிலிருந்து வாங்கி முடித்துத் தருவார்கள் என்று அர்த்தம். நான் போன ஒரு கூடை முடையும் வகுப்பில் அப்படித்தான் நடந்தது, என் கூடையில் பாதிக்கு மேல் என் கை படாதது. பார்க்க நன்றாக இருந்தது, ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

இடைவெளி விட்டு இரண்டு மூன்று அமர்வுகளாக நடத்துவது சிறந்தது. வீட்டில் போய்ச் செய்து பார்த்து, சொதப்பி, அந்தச் சொதப்பலைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டாம் அமர்வுக்கு வருபவர்கள்தான் உண்மையில் கற்றுக்கொள்கிறார்கள்.

தப்பு வந்தால் பிரித்துவிட வேண்டுமா?

பிரிக்கக் கற்றுக்கொள்வதும் பாடம்தான், ஒரு தடவையாவது வேண்டுமென்றே பிரித்துப் பாருங்கள், பயம் தெளியும். ஆனால் முதல் துண்டை மட்டும் பிரிக்காதீர்கள். ஓரமெல்லாம் கோணலாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். தேதி எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். நூற்பவர்களுக்கு இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளில் வரும் அந்தத் தடித்தும் மெலிந்தும் ஓடும் நூலைக் கை பழகிய பிறகு வேண்டுமென்றாலும் செய்ய வராது.

கை வலிக்கிறது, சகஜமா?

அரைமணிக்கு ஒரு தடவை எழுந்திருந்தால் அவ்வளவாக வலிக்காது. இறுக்கிப் பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். மரத்துப் போவது, இரவில் குத்துவது என்றால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், "பழகப் பழகச் சரியாகும்" என்பதெல்லாம் இதற்குப் பொருந்தாது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

ஈர ஃபெல்டுக்குக் கண்டிப்பாக, சோப்பு நுரையில் விளையாடுவதற்குச் சம்பளம் கொடுத்த மாதிரி. கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கும் ஊசி ஃபெல்டுக்கு வேண்டாம். அந்த ஊசியில் நுண்ணிய முட்கள் வெட்டியிருக்கும், விரலில் பாய்ந்தால் பெரியவர்களே அலறுவோம். பின்னல் ஏழெட்டு வயதில் பலருக்கு நன்றாக வருகிறது, பெரியவர்களைவிட வேகமாக, ஏனென்றால் கோணலாக வந்தால் அவர்களுக்கு வெட்கமில்லை.

செய்ததை விற்றுச் சம்பாதிக்கலாமா?

தொடங்கி ஒரு வருடத்துக்கு இந்த நினைப்பை ஒதுக்கி வையுங்கள். ஒரு ஜோடிக் காலுறைக்கு எனக்கு இருபது மணி நேரம் பிடிக்கிறது. மெஷின் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்து ஓட்டும் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார், அது பரவியதும் நெசவு வேகமெடுத்தது. ஏற்கெனவே ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்கப் பல பேர் நூற்க வேண்டியிருந்தது, அது இன்னும் மோசமாகி, 1760களில் ஹார்கிரீவ்ஸ் என்பவரின் பல கதிர் ராட்டினம் வந்தது. அந்த ஓட்டத்தில் கை நூற்பு அன்றைக்கே பின்தங்கிவிட்டது. சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பவர்களை அறிவேன், தனக்கென்று ஒரு பாணி உருவாக்கி விற்பவர்களும் உண்டு. பழகும் நாளிலேயே விலைச்சீட்டு ஒட்டினால் கற்றுக்கொள்வது நின்றுவிடும்.

விற்பதைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆண்டிஸ் நெசவோ, அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் நெசவோ, வேறொரு சமூகத்தின் வடிவத்தைப் பயிற்சிக்காகச் செய்து பார்ப்பதில் தப்பில்லை, அதை யாருடையது என்று சொல்லாமல் நம் பெயரில் விற்பது வேறு விஷயம்.

வாங்கி வைத்த கம்பளியைப் பூச்சி அரிக்கிறதே?

அந்துப்பூச்சியின் புழு. கம்பளியில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதன் சாப்பாடு, பருத்தியை அது பெரிதாகச் சட்டை செய்யாது. புதிதாக வந்த கம்பளியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரத்துக்குமேல் வைத்து எடுங்கள். பிறகு மூடிய டப்பா.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

கத்தரிக்கோல், அளவு நாடா, ஒரு நோட்டு, படிக்கும் கண்ணாடி போடுபவர் என்றால் மறக்காமல் அது. வெளிர் நூலில் வேலை செய்யப் போவதால் மடியில் விரிக்கக் கறுப்புத் துணி ஒன்று, கண்ணி பளிச்சென்று தெரியும். சாய வகுப்பு என்றால் போனால் போகட்டும் என்று இருக்கும் பழைய உடை. அப்புறம் நகத்தை வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டு வாருங்கள். பிசிறு நகத்தில் கம்பளி மாட்டிக்கொண்டு பாதி வகுப்பு அதை விடுவிப்பதிலேயே போய்விடும், நகவெட்டி கொண்டு வருபவரைத் தேடி அறை முழுக்கச் சுற்றுவதும் அன்றாடம் நடக்கிறது.